நிலாவெளி–திருகோணமலை தினமும் 30 கிலோமீற்றர்: பழைய 100 சிசி பைக்கா, ஸ்கூட்டரா?

நிலாவெளியான்

வணக்கம். நிலாவெளியில் இருந்து டவுனுக்கு வேலைக்குப் போய்வர நாளுக்கு 30 கிலோமீற்றர், கிழமைக்கு ஆறு நாள். சந்தை, பிள்ளையின் ரியூசன், மாதத்தில் ஒரு தரம் கிண்ணியா என்று எல்லாம் சேர்த்தால் மாதம் 900 கிலோமீற்றர் மட்டில் வரும். பொழுதுபோக்குக்கு ஓடுகிற ஆள் இல்லை. காலையில் உதைத்தால் ஸ்டார்ட் ஆகவேணும், மாதச் செலவு கையைக் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

புதிசு வாங்க வசதி இல்லை. மூன்று பழைய பைக் பார்த்து வைத்திருக்கிறேன்: 2017 பஜாஜ் சிடி100, 2018 ஹீரோ ஸ்ப்ளெண்டர், 2016 ஹொண்டா டியோ ஸ்கூட்டர். சிடி100தான் விலை குறைவு, ஆனால் கடற்கரைப் பக்கத்து வீட்டில் வெளியில் நின்ற பைக்.

எதை எடுக்கலாம்? வாங்கும்போது எந்த இடங்களைப் பார்க்கவேணும்? உப்புக் காற்றில் கறள் பிடிக்காமல் வைத்திருக்க உண்மையில் என்ன செய்யலாம்?

தம்பலகாமம்_100சிசி

தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள்.

நல்ல நிலையில் உள்ள சிடி100 அல்லது ஸ்ப்ளெண்டர் நிலாவெளி வீதியில் 45–50 வேகத்தில் ஓடினால் லீற்றருக்கு 60 கிலோமீற்றர் தரும். டியோ 42 மட்டில். 900 கிலோமீற்றருக்குப் பைக் 15 லீற்றர் குடிக்கும், ஸ்கூட்டர் 21 லீற்றருக்குச் சற்று மேல். லீற்றரை 300 ரூபா என்று வைத்தால் 4,500க்கும் 6,400க்கும் உள்ள வித்தியாசம். மாதம் 1,900 ரூபா. அந்தக் காசில் ஒயில், செயின், பிரேக் ஷூ எல்லாம் வருடம் முழுக்கப் பார்த்து மிச்சமும் வரும்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். உங்கள் வேலைப் பயணம் மட்டும் கிழமைக்கு 180 கிலோமீற்றர். 60 ஓடுகிற பைக்குக்கு அந்த 4 லீற்றரில் 240 கிலோமீற்றர் வரும். 42 ஓடுகிற ஸ்கூட்டருக்கு 168தான், சனிக்கிழமை வேலைக்குப் போனால் திரும்பி வரப் பெற்றோல் இல்லை. அப்படி ஒரு காலம் திரும்பி வராது என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. அதனால் எரிபொருள் கணக்கை லேசாக எடுக்காதீர்கள்.

விற்பவர் சொல்லும் மைலேஜை நம்பவேண்டாம். வாங்கிய பிறகு நீங்களே அளந்து பாருங்கள்: பைக்கை மெயின் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, டாங்கின் கழுத்து விளிம்பு வரை நிரப்பி, மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீற்றர் வழமைபோல ஓடிவிட்டு அதே ஷெட்டில், அதே மாதிரி நிறுத்தி, அதே விளிம்பு வரை திரும்ப நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் போன லீற்றரால் பிரித்தால் சரியான கணக்கு. சைட் ஸ்டாண்டில் சரித்து நிரப்பினால் கணக்கு பிழைக்கும். 100 சிசி பைக் 50க்குக் கீழே காட்டினால் காபரேட்டரை நோண்டுவதற்கு முன்னம் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, காற்று குறைவா, கிளச் நழுவுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். பாதி இடத்தில் பின் பிரேக்தான் காரணம்.

காற்று: சிடி100க்கு முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியாக 28, ஆள் ஏற்றினால் 32 பிஎஸ்ஐ. ஓடுவதற்கு முன்னம், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேணும். பின்னுக்கு 20க்கு இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெற்றோல் குடிக்கும், டயரின் இரண்டு ஓரமும் தேயும், மணல் கிடக்கிற வளைவில் பின் சில்லு ஆடும்.

பெற்றோல் 92 போதும். இந்த எஞ்சின்களுக்கு 95 அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

உப்புவெளி_ஸ்பனர்

வாங்க முன்னம் பாக்கிற விஷயத்தை மட்டும் சொல்லுறன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தவை. அதால இப்ப கைமாறுற பைக்கில கனக்க, கடல்காத்துக்கை ஆறு ஏழு வருசம் நிண்டதுகள். எஞ்சின் நல்லா இருக்கும், சேசி (பைக்கின்ர இரும்புச் சட்டகம்) போயிருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டுக் காசைக் குடுத்திடாதேங்கோ.

காலமை போங்கோ, ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் எண்டு முதலே சொல்லிவிடுங்கோ. போனவுடனை எஞ்சினில கையை வையுங்கோ. சூடா இருந்தா ஆள் உங்களுக்கு முன்னமே உதைச்சுப் பாத்திட்டார், வேற நாள் வாறன் எண்டுட்டு வாங்கோ. குளிர்ந்த எஞ்சின் சோக் போட்டு ரெண்டு மூண்டு உதையில பிடிக்கவேணும். பிடிச்ச உடனை கொஞ்சம் நீலப் புகை வந்து நிண்டா வால்வ் சீல், அது சின்னச் செலவு. முறுக்கிற நேரமெல்லாம் நீலம் வந்தா ரிங், சிலிண்டர் வேலை, அது பெரிய செலவு. வெள்ளையா ஆவி வந்து மறைஞ்சா அது தண்ணி, பயமில்லை.

பிறகு சீற்றைக் கழட்டச் சொல்லுங்கோ. கழட்ட விடாட்டி அந்தப் பைக் வேண்டாம். ரோச் ஒண்டும் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒண்டும் கொண்டு போங்கோ. பாக்கிற இடங்கள்:

பற்றரித் தட்டுக்குக் கீழை உள்ள குழாய். பற்றரி அசிட்டும் உப்பும் சேர்ந்து முதல்ல தின்னுறது அந்த இடத்தைத்தான். ஸ்க்ரூ டிரைவர் நுனியால தட்டினா "டிங்" எண்டு கேக்கவேணும். "டப்" எண்டு கேட்டாலோ செதில் செதிலா உதிர்ந்தாலோ விட்டிட்டு வாங்கோ.

மெயின் ஸ்டாண்ட் பூட்டுற காது, பின் ஷொக் அப்சோர்பரின்ர கீழ் போல்ட், ஸ்விங் ஆர்ம் சேசியில பூட்டுற இடம். புதுசாக் கறுப்புப் பெயின்ற் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்கோ. பெயின்ற்றுக்குக் கீழை விரலால தடவினா வெல்டிங் திட்டு தெரியும்.

முன் சில்லைத் தாங்குற போர்க் (fork) குழாய். ரப்பர் சீலுக்கு மேலை நகத்தால மெல்லச் சுரண்டிப் பாருங்கோ. உப்புக் குழி நகத்தில தட்டுப்பட்டா அந்தக் குழி சீலை வெட்டிக்கொண்டே இருக்கும். புதுச் சீல் போட்டாலும் ரெண்டு மூண்டு மாசத்தில திரும்ப ஒயில் வடியும். குழாயும் சேத்து மாத்தவேணும். அந்தக் காசை விலையில கழியுங்கோ.

பெற்றோல் டாங்க். மூடியைத் திறந்து ரோச் அடிச்சுப் பாருங்கோ. உள்ளுக்கு வெள்ளித் தகடு தெரியவேணும். தேத்தண்ணி நிறம் தெரிஞ்சா கறள். (ரோச் எண்டா ரோச்தான், லைற்றர் கொளுத்திப் பாக்கிற ஆக்களும் இருக்கினம்!)

முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கோ. நடுவில கொக்கி மாதிரி ஒரு இடத்தில தங்கி நிண்டா கழுத்துப் பெயாரிங் குழி விழுந்திட்டுது. பின் சில்லைப் பிடிச்சு இடம் வலமா ஆட்டுங்கோ. ஆடினா ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது சில்லுப் பெயாரிங்.

டயரின்ர பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டா 2019ஆம் வருசம் 23ஆம் கிழமை செய்தது. டயரின்ர பூ (மேல் வெட்டு) நல்லா இருந்தாலும் அவ்வளவு பழசெண்டா றப்பர் காய்ஞ்சு போயிருக்கும், மாரியில பிரேக் பிடிக்க வழுக்கும்.

மீற்றர் வாசிப்பை விடுங்கோ, பிரேக் பெடல் றப்பரையும் கால் மிதிக்கிற றப்பரையும் பாருங்கோ. 20,000 எண்டு காட்டுற பைக்கில றப்பர் தேய்ஞ்சு இரும்பு தெரிஞ்சா கணக்குச் சரியில்லை.

கடைசியா சீஆர் புத்தகம் (வாகனப் பதிவுப் புத்தகம்). சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பைக்கில கண்ணால வாசிச்சு ஒப்பிடுங்கோ. முழுமையான உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பனியின்ர பேர் கிடந்தா, அது நீங்கின பிறகுதான் காசு. அஞ்சு பேருக்குக் கைமாறி, முதல் ஆளின்ர கையெழுத்துப் போட்ட வெறும் பத்திரத்தோட வாற பைக்கை எடுக்க வேண்டாம்.

உங்கட மூண்டில, சேசி சுத்தமா இருந்தா ஸ்ப்ளெண்டர். 18 அங்குலச் சில்லு, பள்ளத்தில நல்லாப் போகும். சிடி100 விலை குறைவெண்டாலும் கடற்கரையில வெளியில நிண்டது எண்டுறியள். மேல சொன்ன இடமெல்லாம் பாக்காமல் முற்பணம் குடுக்க வேண்டாம்.

மூதூர்வாசி

நானாமார் சொன்ன கணக்கு சரி, ஆனா ஒரு விஷயம் கேட்காம விட்டுட்டீங்க. பைக்கை வீட்ல ஒருத்தர் மட்டுமா ஓடுற, ரெண்டு பேருமா? பகல்ல பைக் டவுன்ல சும்மா நிக்கிற நேரம் பிள்ளைய ரியூசனுக்கு யார் கூட்டிட்டுப் போற? ரெண்டு பேரும் மாறி மாறி ஓடுறதெண்டா ஸ்கூட்டர்தான் வசதி. கியர் இல்ல, சாமானைக் காலடில வைக்கலாம், சாரியோட, அபாயாவோட ஏறி இறங்கலாம்.

ஆனா டியோ எடுத்தா இதுகளைத் தெரிஞ்சுகொண்டு எடுங்க. சில்லு 10 அங்குலம். பைக் ஏறிப் போற பள்ளத்துல ஸ்கூட்டர் இறங்கி அடிக்கும். நிலாவெளி வீதி ஓரத்துல மணல் கிடக்குற இடத்துல முன் பிரேக்கை மட்டும் பிடிச்சா முன் சில்லு வழுக்கும், ரெண்டையும் சேத்து மெல்லப் பிடிக்கணும். செயினுக்குப் பதிலா உள்ள பெல்ட்டை 20,000 தாண்டினதும் திறந்து பாத்து, வெடிப்பு இருந்தா மாத்துங்க. அறுந்தா அந்த இடத்துலயே நிக்க வேண்டியதுதான், செயின் மாதிரி கொழுவிட்டு வர ஏலா. எஞ்சின் ஒயில் 700 மில்லி மட்டில்தான் பிடிக்கும், அவ்வளவு குறைஞ்ச ஒயிலால 2,500 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்துறது நல்லம். பின் சில்லுப் பக்கத்து கியர் ஒயில் வேற, அதை மறந்துதான் பலபேர் பெயாரிங்கைக் கெடுக்குற.

கறளைப் பத்திச் சொன்னா, ஸ்கூட்டர்ல பிளாஸ்டிக் மூடி இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. கால் வைக்கிற தட்டைக் கழட்டி அடியில உள்ள குழாயைப் பாக்காம எடுக்க வேணாம்.

காஸ் சிலிண்டர் கொண்டு வாறதெண்டா ரெண்டு வண்டியும் கஷ்டம்தான். 12.5 கிலோ சிலிண்டர் நிறைஞ்சா இரும்போட சேத்து இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல. பைக்ல எண்டா பின் கரியர்ல நிமித்தி வச்சு, பழைய ரியூப் பட்டியால ரெண்டு பக்கமும் குறுக்கா இழுத்துக் கட்டுங்க. படுக்க வைக்க வேணாம். பிள்ளையை டாங்க்ல இருத்திக்கொண்டு போறதும் வேணவே வேணாம், திடீர்னு பிரேக் பிடிச்சா பிள்ளைட நெஞ்சு ஹாண்டில்லதான் போய் அடிக்கும்.

உவர்க்காற்று

பராமரிப்புப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிழமைக்கு ஒரு 20 நிமிடம் ஒதுக்கினால் போதும், ஆனால் அதைத் தவறவிடக் கூடாது.

கழுவுவதில் நடக்கும் பெரிய பிழை தண்ணீர். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பல கிணறுகள் உவர். உவர் தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவவில்லை, பூசுகிறீர்கள். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு வாளி போதும். எஞ்சின் ஆறிய பிறகு, மேலிருந்து கீழாக, மெல்லிய சவுக்காரத் தண்ணீரும் துணியும். மட்கார்டின் உள்பக்கமும் ஸ்விங் ஆர்மின் அடியும் முக்கியம், உப்பு மணல் ஒட்டிக் கிடப்பது அங்கேதான். சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் வொஷ் அடித்தால் சில்லு நடுவிலும் ஹாண்டில் கழுத்திலும் நேராக அடிக்க விடாதீர்கள். கிரீஸ் வெளியேறும், தண்ணீர் உள்ளே போகும். கழுவிய பிறகு ஐந்து நிமிடமாவது ஓடிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில் நிழலும் வேணும், காற்றும் வேணும். பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று கறளை வளர்க்கும்.

செயின். மூடிய கவர் உள்ள மொடல் என்றால் அழகுக்காக அதைக் கழற்றி வீசாதீர்கள், மணலையும் உப்பையும் தடுப்பது அந்தத் தகடுதான். கவரில் ஒரு றப்பர் மூடி இருக்கும், அதைத் திறந்து விரலால் செயினை மேலும் கீழும் அசைத்தால் 25–30 மில்லிமீற்றர் ஆடவேணும். சில்லைச் சுற்றி நான்கு இடத்தில் பார்த்து, அதிகம் இறுகிய இடத்தில் இந்த அளவு வரும்படி வையுங்கள். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால் மற்ற இடத்தில் செயின் கம்பிபோல நின்று கியர்பெட்டியின் வெளிப் பெயாரிங்கை உடைக்கும். இரண்டு பக்க அஜஸ்டர்க் கோடும் ஒரே எண்ணிக்கையில் இருக்கவேணும். செயினை இழுத்த பிறகு பின் பிரேக் கம்பியையும் பாருங்கள், சில்லு பின்னுக்குப் போனால் அதுவும் மாறிவிடும்.

ஒயில் போட நல்ல நேரம் பின்னேரம் வீடு வந்தவுடன், செயின் சூடாக இருக்கும்போது. மண்ணெண்ணெயும் பழைய பல்தூரிகையும் கொண்டு அழுக்கை எடுத்து, துணியால் துடைத்து, 90 கியர் ஒயிலை கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு சில்லைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் நிறுத்தியே இருக்கவேணும். ஓடவிட்டுத் துணி பிடித்து விரல் போனவர்கள் உண்டு. இரவு முழுக்க ஊறிய பிறகு காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எஞ்சினில் கழித்த கறுப்பு ஒயிலை ஊற்றவேண்டாம், அதில் உள்ள இரும்புத் தூள் செயினை அரைக்கும். பற்கள் கொக்கிபோல வளைந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டும் ஒன்றாகத்தான் மாற்றவேணும். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதையும் சில மாதத்தில் தின்றுவிடும்.

பின் பிரேக். தம்பலகாமம் சொன்னது முழுக்கச் சரி. டிரம் பிரேக்கில் ஷூவை விரிக்கிற கேம் தண்டு உப்பில் இறுகிப்போகும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் முழுக்கத் திரும்பாது. மெயின் ஸ்டாண்டில் போட்டுச் சில்லைக் கையால் சுழற்றுங்கள். இரண்டு சுற்றாவது தானாக ஓடாவிட்டால் அந்தத் தண்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மிக மெல்லிதாகக் கிரீஸ் பூசிப் போடவேணும். கிரீஸ் கூடினால் சூட்டில் உருகி ஷூவில் படும், பிறகு பிரேக்கே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இதைச் செய்யும்போது பின் ஆக்சில் போல்ட்டையும் இழுத்தெடுத்துக் கிரீஸ் பூசிவிடுங்கள். பூசாமல் இரண்டு வருடம் விட்டால் பஞ்சர் ஆகிற அன்று அந்தப் போல்ட் வெளியில் வராது.

வயரிங். கடல்பக்கத்துப் பைக் மாரியில் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் வயர் பூட்டுகளில் (கனெக்டர்களில்) பிடிக்கும் பச்சைக் களிம்பு. ஹெட்லைட் கூட்டுக்குள் உள்ள திறப்பு சுவிச் பூட்டு, ரெகுலேட்டர் பூட்டு, சேசியில் பூட்டிய எர்த் வயர், பற்றரி முனைகள், இந்த நாலும் போதும். கழற்றி, துலக்கி, வசலின் பூசித் திரும்பப் பூட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்க முன்னம் ஒரு தரம், தை முடிய ஒரு தரம்.

வறண்ட கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் புழுதி எயார் ஃபில்டரை அடைக்கும். ஸ்பொஞ் வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவிப் பிழிந்து, காய்ந்ததும் எஞ்சின் ஒயில் சில சொட்டு தடவிப் பிழிந்து போடலாம். கடதாசி வகையைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேணும்.

எஞ்சின் ஒயில்: சிடி100க்கு 20டபிள்யூ-50, ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. இரண்டும் ஒரு லீற்றர் மட்டில். போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று இருக்கவேணும், கார் ஒயில் ஊற்றினால் கிளச் நழுவும். 2,500–3,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு மூன்று மாதம். மழை வெள்ளத்தில் இறங்கி வந்த பிறகு ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் கிலோமீற்றர் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள்.

இரவில் நிலாவெளி வீதியில் மாடுகள் தார் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடு 35 வாற்ஸ் பல்ப் வெளிச்சத்தில் கிட்டப் போகும்வரை தெரியாது. ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்க வெள்ளிப் பூச்சு உப்பில் மங்கியிருந்தால் பல்ப் மாற்றிப் பிரயோசனமில்லை, கிண்ணத்தோடு மாற்றுங்கள். இதற்கு மட்டும் காசு பார்க்கவேண்டாம்.

நிலாவெளியான்

எல்லாருக்கும் மிக்க நன்றி. வீட்டில் நான் மட்டும்தான் ஓடுவேன், அதனால் பைக் என்றே முடிவு. இரண்டையும் சீற் கழற்றிப் பார்த்தேன். சிடி100 பற்றரித் தட்டின் கீழ் செதில் உதிர்கிறது, விட்டுவிட்டேன். ஸ்ப்ளெண்டர் சேசி சுத்தம், போர்க் குழாயும் நல்லது. ஆனால் டாங்கின் அடியில் மெல்லிய கறள். அதைச் சரிக்கட்டலாமா, டாங்க் மாற்றவேணுமா?

உப்புவெளி_ஸ்பனர்

மெல்லிசெண்டா வீட்டிலயே எடுக்கலாம். வெளியால அடிப்பக்கம் பெயின்ற் குமிழி விட்டிருந்தா மட்டும் வேற டாங்க் தேடுங்கோ, அது ஓட்டை விழப்போகுது.

பெற்றோலை முழுக்க இறக்கி, டாங்கைக் கழட்டி, பெற்றோல் டெப்பையும் கேஜ் மிதவையையும் எடுத்து, அந்த ஓட்டையளை றப்பரும் தகடும் வச்சு அடையுங்கோ. அடுப்பு, விளக்கு இல்லாத வெளி இடத்தில செய்யுங்கோ. சவுக்காரத் தண்ணி விட்டு ரெண்டு மூண்டு தரம் அலசி பெற்றோல் மணம் போன பிறகு, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டு, கொஞ்சத் தண்ணியோட பத்து நிமிசம் எல்லாப் பக்கமும் குலுக்குங்கோ. எண்ணிப் போடச் சொன்னது, எடுக்கேக்கை அத்தனையும் வரவேணும் எண்டதுக்கு.

பிறகு வெள்ளை வினாகிரி டாங்க் நிறைய விட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கோ. ஊத்திப் பாத்து இன்னும் கறள் கிடந்தா இன்னொரு நாள். வெளியில பெயின்ற்றில பட்டா உடனை கழுவுங்கோ. வினாகிரியை ஊத்தின கையோட, ஒரு லீற்றர் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாக் கரைச்சு அலசவேணும். அதை விட்டா மிச்சப் புளிப்பு ஒரு இரவில திரும்பக் கறளைக் கொண்டுவரும். பிறகு நல்ல தண்ணி, பிறகு உச்சி வெயில்ல வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துக் காயவைக்கிறது. காய்ஞ்ச உடனை 100 மில்லி எஞ்சின் ஒயிலைப் பெற்றோலோட கலந்து உள்ளுக்கை எல்லாப் பக்கமும் ஓடவிட்டு ஊத்திப்போடுங்கோ.

பூட்டேக்கை டெப்புக்குப் புது வலை, குழாயில சின்னப் ஃபில்டர் ஒண்டு, அம்புக்குறி காபரேட்டர் பக்கம். மூடியின்ர கழுத்துக்கிட்ட மழைத்தண்ணி வடியிற சின்ன ஓட்டை ஒண்டு இருக்கும், அதையும் கம்பியால குத்தித் திறவுங்கோ. அது அடைச்சிருந்தா மூடியில நிக்கிற மழைத்தண்ணி டாங்குக்கைதான் போகும், அந்தக் கறள் வந்ததே அப்பிடித்தான் இருக்கும். மாரி காலத்தில டாங்கைப் பாதிக்குக் கீழை விடாதேங்கோ, வெறும் இடத்தில ஈரம் பிடிக்கும்.

பூட்டி ரெண்டு கிழமை ஓடினாப் பிறகு காபரேட்டர் கிண்ணத்தின்ர அடியில உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில பிடியுங்கோ. பெற்றோல் தெளிவா வந்தா வேலை சரி. சிவப்புத் தூளோ தண்ணி முட்டையோ அடியில தங்கினா கிண்ணத்தைக் கழட்டி ஜெட்டைக் கழுவி, ஃபில்டரையும் மாத்தி, இன்னும் ரெண்டு கிழமையில திரும்பப் பிடிச்சுப் பாருங்கோ.